அவர் இல்லாத ஷெட்டில் நமக்கு என்ன வேலை?

ஜனவரி 8: ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் வின்டேஜ் கார் கிளப்பில் மூத்த உறுப்பினர் ஒருவர் போன மாதம் இறந்துவிட்டார். அவரிடம் 1930ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ இருக்கிறது. அதை விற்றுவிடப் போவதாக அவர் மனைவி சொல்கிறார். விலையையும் அவராகவே சொன்னார். வெளியில் போகும் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் பேரம் பேசவில்லை, பொய் சொல்லவில்லை. கேட்டதைக் கொடுத்து வாங்கிக்கொண்டால் அதில் தப்பு இருக்கிறதா? கிளப்பில் பாதிப் பேர் "அடிச்சது யோகம்" என்கிறார்கள், மீதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஜனவரி 9, காலை

தப்பு. உங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பொய் சொல்லவில்லை என்கிறீர்கள், சரி. அந்த ஷெட்டுக்குள் எப்படிப் போனீர்கள்? விளம்பரம் பார்த்து வந்த வெளியாளாகவா? கணவரின் கிளப் நண்பர் என்றுதானே கதவைத் திறந்துவிட்டார்? அந்த அம்மாவுக்கு விலை தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் நீங்கள் தலையாட்டியதுமே "நாம் சொன்னது சரியான விலைதான் போல" என்று நினைத்துக்கொள்வார். நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் விலை மதிப்பிட்டுக் கொடுத்தவர் நீங்கள்தான்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். எனக்கு மூத்தவர் ஒருவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், இருபது வருடப் பழக்கம். எம்ஜி டிசி என்ற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். அவர் போன பிறகு வண்டி நல்ல விலைக்கே வேறொருவருக்குப் போயிற்று, அதில் குறையில்லை. சில மாதம் கழித்து ஷெட்டை ஒழித்தபோது மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு எஞ்சின் பிளாக் கிடந்தது. "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, இடம் காலியானா போதும்" என்றார் அண்ணி. சும்மா வேண்டாம் என்று, எடைக்குப் போட்டால் என்ன வருமோ அதைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன். வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தபோதுதான் பக்கவாட்டில் எட்டு மூலைப் பித்தளைத் தகடு தெரிந்தது. எக்ஸ்பிஏஜி என்று தொடங்கும் நம்பர், டிசி எஞ்சின் வகையின் பெயர் அது. அண்ணன் வண்டியின் உத்தரவாதத் தகட்டில் இருந்த அதே நம்பர். ஃபேக்டரியிலிருந்து வந்த நாளில் அந்த வண்டிக்குள் இருந்த எஞ்சின் அது. வண்டியோடு பிறந்த எஞ்சினுக்கு நம் வட்டாரத்தில் தனி மதிப்பு. அப்புறம் அண்ணியிடம் சொல்லிக் கணக்கைச் சரிசெய்தேன். பட்டவன் சொல்கிறேன், அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

ஜனவரி 9, இரவு

"இணையத்தில் அஞ்சு நிமிஷம் தேடினால் விலை தெரிந்துவிடும். தேடாதது அவங்க தப்பு" என்று ஒருவர் சொல்கிறார்.

தேடிப் பாருங்கள். வருவதெல்லாம் விற்பவர் கேட்கும் விலை, கைமாறிய விலை வராது. மாடல் ஏ 1927 முதல் 1931 வரை 48 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அரிய வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. கூரை திறந்த ரோட்ஸ்டரா, நாலு பக்கமும் மூடிய செடானா என்பதிலேயே விலை எங்கேயோ போய்விடும். எஞ்சின் ஓடுகிறதா, தகரம் அழுகியிருக்கிறதா, தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்பதெல்லாம் அதற்கு மேல். இதைப் பிரித்துப் பார்க்க நமக்கு எத்தனை வருடம் ஆயிற்று? துக்கத்தில் இருப்பவர் அஞ்சு நிமிடத்தில் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கேயோ ஏலத்தில் பளபளவென்று போன வண்டியின் விலையைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுத் துருப்பிடித்த வண்டிக்கும் அதையே கேட்டு, யாரும் வாங்காமல் மழையில் நிறுத்தி மட்கவிட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் உண்மையான விலையைச் சொல்ல ஆள் வேண்டும். அவர் தனக்காக வாங்க நினைப்பவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜனவரி 11

"அப்படியானால் நண்பனின் வண்டியை நான் வாங்கவே கூடாதா? முன்பின் தெரியாதவன் வாங்கலாம், அதன் அருமை தெரிந்த நான் வாங்கக் கூடாதா?"

வாங்கலாம். நான் வாங்குவதாக இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில், எனக்கு ஆசை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து விலை பற்றிய என் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதை அவர்களுக்குப் புரியவைப்பேன். வாங்கும் எண்ணமில்லாத இரண்டு பேரை, முடிந்தால் வேறு கிளப்பிலிருந்து, வந்து பார்த்துத் தாளில் எழுதித் தரச் சொல்வேன். வளர்ந்த பிள்ளையோ உடன்பிறந்தவரோ ஒருவர் கூட இருக்கும்போதுதான் விலை பேசுவேன். அவசரப்படுத்த மாட்டேன்.

உயிலை நிறைவேற்றப் பொறுப்பு ஏற்றவருக்குச் சட்டமே இப்படி ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அவர் அந்தச் சொத்தைத் தானே வாங்கிக்கொள்ள முடியாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால் யாருக்காகப் பேரம் பேசுவார்? ஷெட்டைச் "சரிபார்த்துக் கொடுக்க" கூப்பிடப்பட்ட நண்பனுக்கு எந்தத் தாளும் இல்லை, பொறுப்பு மட்டும் அதேதான்.

ஜனவரி 12

சட்டம் படித்த ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. "வாங்கிக்கொள்ள முடியாது" என்று நான் எழுதியது கொஞ்சம் அதிகம். உயிலிலேயே அனுமதி இருந்தாலோ, எல்லா வாரிசுகளும் விவரம் முழுக்கத் தெரிந்து சம்மதித்தாலோ, நீதிமன்றம் ஒப்புக்கொண்டாலோ வாங்கலாமாம். இல்லையென்றால் வாரிசுகள் பிறகு அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். ஊருக்கு ஊர் சட்டம் மாறும். உங்கள் ஊர் வக்கீலைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். எனக்கு கார்புரேட்டர் தெரியும்.

ஜனவரி 20

ஒரு வாரமாக இன்னொன்று மனதில் ஓடுகிறது. அநியாய விலைக்கு வாங்கும் நண்பன் செய்யும் சேதத்தைவிட, நல்ல மனதோடு ஷெட்டைச் சுத்தம் செய்யும் உறவினர் செய்யும் சேதம் சில நேரம் பெரிது.

அண்ணன் ஷெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணியின் தம்பி மகன் நல்ல பையன், சும்மா இருக்கத் தெரியாதவன். டப்பா டப்பாவாக இருந்த போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்து அடுக்கினான். சில போல்ட்டுகள் எதிலும் சேரவில்லை. நட்டைப் போட்டால் இரண்டு சுற்றில் இறுகி நின்றுவிடும். மரை கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிட்டான். அவைதான் டிசியின் போல்ட்டுகள்.

எக்ஸ்பிஏஜி எஞ்சினில் மரை மெட்ரிக், போல்ட் தலை விட்வொர்த் என்ற பழைய ஆங்கில அளவு. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். இன்று கடைகளில் வருவது பெரும்பாலும் 1.25. இந்த ஒட்டுச்செடிக்குக் காரணம், காவென்ட்ரியில் இருந்த அந்த எஞ்சின் தொழிற்சாலையை 1923ல் மோரிஸ் என்ற ஆங்கிலக் கார் கம்பெனி வாங்கியது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடமிருந்து. இயந்திரங்கள் பிரெஞ்சு மரை போடுபவை. அவற்றை மாற்றாமல், ஆங்கில மெக்கானிக்கின் ஸ்பேனர் உட்கார வேண்டும் என்று தலையை மட்டும் மாற்றினார்கள். இதெல்லாம் அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? டப்பாவின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தால் போதும். அண்ணன் ஒட்டவில்லை. நானும் என் டப்பாக்களில் ஒட்டவில்லை.

ஜனவரி 21

ஒட்ட ஆரம்பித்துவிட்டேன். மகள் உதவிக்கு வந்தாள். ஒரு மணி நேரத்தில் பத்து டப்பாவுக்குச் சீட்டு ஒட்டினாள். "தெரியாது 1", "தெரியாது 2" என்று "தெரியாது 10" வரை. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினாளாம்.

ஜனவரி 25

முடிவெடுக்கக் குடும்பத்துக்கு நேரம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் வண்டி சும்மா நிற்காது, கெட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் சில மாதத்தில் கெட்டு கார்புரேட்டரில் பிசினாகப் படியும். வழக்கமான பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், உள்ளே பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கும். கைபிரேக் போட்டபடி விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே இறந்தவர் வீட்டுக்குப் போகும் கிளப்காரர் வண்டியைப் பற்றி எதுவும் கேட்காமல் இதை மட்டும் செய்யலாம்: பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, பெட்ரோலை வடிப்பது, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் கைபிரேக்கை எடுத்துவிடுவது. ஷெட்டில் உள்ளதை நாலா பக்கமும் படம் எடுத்துக் குடும்பத்திடம் கொடுப்பது. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசியை யாரும் காற்றடித்து ஊதாமல் பார்த்துக்கொள்வது.

இன்னொன்று, இரங்கல் செய்தியில் "அவருடைய ஆறு வண்டிகளும் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில்" என்று எழுதுகிறார்கள். திருடனுக்கு அழைப்பிதழ் வைப்பது மாதிரி.

ஜனவரி 30

உரிமையாளர் உயிரோடு இருக்கிறார், ஞாபகம் மட்டும் தப்பிக்கொண்டிருக்கிறது. அவரிடம் வாங்கலாமா? வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே மாதத்தில் ஒரே வண்டியை இரண்டு பேருக்கு வாய்வார்த்தையாக விற்றார். இரண்டு பேரும் முன்பணம் கொடுத்திருந்தார்கள். மகன் அலைந்து திருப்பிக் கொடுத்தான். அதில் ஒருவருக்கு அவர் நிலைமை நன்றாகவே தெரியும்.

பிப்ரவரி 2

"வண்டியை உனக்குத்தான் தருவேன்னு அண்ணன் சொன்னார்." இதைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

சொல்லியிருப்பார். நாமும் சொல்கிறோம். நல்ல ஓட்டம் முடிந்து இறங்கும்போது மனசு நிறைந்து யாரிடமாவது "எனக்கப்புறம் இது உனக்குத்தான்டா" என்று சொல்லிவிடுகிறோம். நான் மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரும் இதைப் படிக்கிறார்கள் என்றால், மன்னிக்கவும், உயிலில் ஒருவர் பெயரும் இல்லை. எழுதாத வாக்கைக் குடும்பத்திடம் கொண்டுபோய் நீட்டாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், மறுத்தால் கணவரின் வாக்கை மீறியவர், ஒப்புக்கொண்டால் பிள்ளைகளின் பங்கைக் கொடுத்தவர் என்று அவரை இரண்டு பக்கமும் நெருக்குகிறீர்கள்.

உயில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. "என் பழைய கார்" என்று எழுதாதீர்கள், சேசிஸ் நம்பரோடு எழுதுங்கள். அதற்குச் சேர்ந்தவை என்னென்ன என்றும் எழுதுங்கள். ஒரு வீட்டில் வண்டி மூத்தவனுக்கு, "வீட்டிலுள்ள மற்ற பொருட்கள்" இளையவனுக்கு என்று எழுதியிருந்தது. டிசி மாதிரித் திறந்த வண்டிதான் அதுவும். மழைக்குப் போடும் மேல்துணி, அதன் சட்டம், கதவு மேல் செருகும் பக்கத் திரைகள், இரண்டாவது கியர்பாக்ஸ் எல்லாமே பரண் மேல் இருந்தன. அவை வண்டியா, வீட்டிலுள்ள மற்ற பொருளா? அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று நாலு வருடம் ஆகிறது. தம்பியிடம் கார் இல்லை, மேல்துணி மட்டும் இருக்கிறது.

சாட்சிக் கையெழுத்துக்குக் கிளப் நண்பரைக் கூப்பிடுகிறீர்களா? அதே நண்பருக்கு ஏதாவது எழுதிவைத்திருந்தால் வேண்டாம். இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, சாட்சி போட்டவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாமல் போகும். உங்கள் ஊரில் என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 5

"இருபது வருடப் பழக்கம் என்கிறீர்கள். அந்த மூலையில் கிடந்தது என்ன எஞ்சின் என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்தது?"

அந்த ஷெட்டைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். காலெடுத்து வைக்க இடம் கிடையாது.

பிப்ரவரி 8

சீட்டு ஒட்டும் வேலை நடக்கிறது. நடக்க நடக்க என் ஷெட்டில் என்னுடையது அல்லாதவை வெளியே வருகின்றன. கிளப்புக்குச் சொந்தமான ஹப் புல்லர் (சக்கரத்தின் ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவி), ஆறு வருடமாக என்னிடம். யாரோ சரிபார்க்கக் கொடுத்த எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர் ஒரு ஜோடி. கொடுத்தவர் யார் என்று யோசித்து யோசித்து மூன்றாம் நாள் ஞாபகம் வந்தது, அவர் இப்போது இல்லை. அவர் மகளுக்கு எழுதியிருக்கிறேன். நான் முந்திப் போயிருந்தால் அது என் சொத்துக் கணக்கில் சேர்ந்திருக்கும், என் மகள் "தெரியாது 4" என்று விற்றிருப்பாள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால், என் பொருட்களில் நாலைந்து வேறு ஷெட்டுகளில் இருக்கின்றன. அவர்களெல்லாம் என்னைவிட மூத்தவர்கள். இதை எப்படி நாசூக்காகக் கேட்பது என்று யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 15

"எங்கே ஐயா வாரிசுகளுக்கு ஆசை இருக்கிறது, விற்றுத் தின்னத்தான் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் பொரிந்து தள்ளியிருக்கிறார். நானும் ஒரு காலத்தில் இப்படிப் பேசியவன்தான். ஒரு நண்பரின் மகனை நேராகவே திட்டியிருக்கிறேன். "எங்கப்பா ஞாயித்துக்கிழமையெல்லாம் அதுகூடத்தான் இருந்தார் அங்கிள்" என்றான் அவன். பதில் வரவில்லை எனக்கு.

வாரிசுக்கு ஆசை இல்லாதது குற்றமில்லை. ஆசை இருந்தவர்கள் மட்டும் என்ன செய்துவிட்டார்கள்? பிரான்சில் ரோஜர் பையோன் என்பவர் 1950களிலிருந்து வண்டி சேர்த்தார், மியூசியம் வைக்கும் கனவோடு. தொழில் நொடித்து 1970களில் கொஞ்சம் விற்றார். மீதி திறந்த கொட்டகைகளில் நின்று மட்கின. பேரப்பிள்ளைகள் ஏலக்காரர்களைக் கூப்பிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஏறக்குறைய 60 வண்டிகள், 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம். அதில் ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. அது தப்பித்தது. சில வண்டிகள் தகரம் மடிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அவற்றைக் கைவிட்டது பேரப்பிள்ளைகளா?

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் லாம்பிரெக்ட் என்ற செவ்ரலே விற்பனையாளர் விற்காமல் வைத்திருந்தவை, புதியதைக் கொடுத்துப் பதிலுக்கு வாங்கிய பழையவை என்று ஏறக்குறைய 500 வண்டிகள் சேர்ந்துவிட்டன. சிலவற்றின் மீட்டரில் சில மைல்கள்தான். 2013 செப்டம்பரில் அவர் உயிரோடு இருக்கும்போதே குடும்பம் ஏலம் விட்டது. எந்த வண்டி எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தார்.

மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாமே என்கிறவர்களுக்கு: முதலில் மியூசியத்தைக் கேளுங்கள். ஒரே மாதிரி வண்டி அவர்களிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கலாம். "என்றைக்கும் விற்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கும் அந்த நிபந்தனையைப் போடாதீர்கள். ஓட்டத் தெரியாத, நிறுத்த இடமில்லாத பிள்ளைக்கு அது அப்பாவின் ஆசையாகத் தெரியாது. தண்டனையாகத்தான் தெரியும்.

பிப்ரவரி 16

நேற்றுக் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் போல. வண்டிகளைக் காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறோம் என்று நாமெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம். ஃபிவா என்ற உலகக் கூட்டமைப்பு 30 வயதான வண்டியைத்தான் வரலாற்று வண்டி என்கிறது. என் கணக்கில் அதன் உரிமையாளர்களில் பெரும்பாலோர் அதைப்போல் இரண்டு மடங்கு வயதானவர்கள். அடுத்த தலைமுறை இங்கே எத்தனை பேர் படிக்கிறீர்கள், கை தூக்குங்கள்.

மார்ச் 1

ஜனவரி 9 அன்று நான் எழுதியதைத் திருத்த வேண்டும். பிப்ரவரி 5 அன்று கேட்டவருக்குச் சொன்ன பதிலையும் சேர்த்து.

தேய்த்த பிறகுதான் தகடு தெரிந்தது என்று எழுதினேன். அப்படி நடக்கவில்லை. அந்த பிளாக் என்னவென்று எனக்கு முன்பே தெரியும். பல வருடம் முன்பு தண்ணீர் ஓடும் பக்கம் விரிசல் விட்டு, அண்ணன் அதை இறக்கிவிட்டு வேறு எஞ்சின் போட்டிருந்தார். விரிசலைத் தைப்பதற்கு அதைத் தூக்கிக்கொண்டு போனபோது மறுமுனையைப் பிடித்தவன் நான். வார்ப்பிரும்பில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் சிறு மரையாணி இறக்கி, அடுத்த ஓட்டையை முந்தைய ஆணியைக் கடித்தபடி போட்டுத் தைப்பார்கள். தைத்து முடித்து அரம் போட்ட பிறகு தையல் தெரியவே இல்லை என்று அண்ணன் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும் இதை" என்றார், வண்டிக்குள் போட வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

ஷெட் ஒழித்த அன்று சாக்கை விலக்கியதும் தெரிந்தது. தகடும் இருந்தது, தையலும் இருந்தது. அண்ணி வாசலில் நின்று இடம் காலியானால் போதும் என்றார். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன்: வண்டி போய்விட்டது, வாங்கியவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அண்ணிக்கும் தெரியாது, விட்டால் எடைக்குத்தான் போகும், நான் எடுத்தால் காப்பாற்றுகிறேன். இதில் எதுவும் பொய் இல்லை பாருங்கள். அதுதான் மோசம்.

தூக்க இரண்டு பேர் வேண்டும். போல்ட் பிரித்தானே, அந்தப் பையன்தான் மறுமுனை. "அங்கிள், இது ஓடுமா?" என்று கேட்டான். "பழைய இரும்பு தம்பி" என்றேன். தகடு இருந்த பக்கம் என் கை. கட்டைவிரல் தகட்டின் மேல் இருந்தது. வழுக்காமல் இருக்க அங்கே பிடித்தேனா, மறைக்கப் பிடித்தேனா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. எட்டு மூலையும் அழுத்திய தடம் விரலில் கொஞ்ச நேரம் இருந்தது.

"அப்புறம் அண்ணியிடம் சொன்னேன்" என்று எழுதினேன். அந்த அப்புறம் பதினாலு மாதம்.

போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். விலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்னு நான் வேற யாரையும் கேக்கவே இல்லையே தம்பி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மற்ற விஷயங்கள் பேசினோம்.

கணக்கு இப்படி முடிந்தது. வேறு கிளப்பில் இரண்டு பேர் வந்து விலை எழுதித் தந்தார்கள். டிசியை வாங்கியவரிடம் சொன்னோம், அவர் அந்த விலைக்கு எடுத்துக்கொண்டார், பணம் அண்ணிக்குப் போயிற்று. நான் கொடுத்த எடைக்காசை அண்ணி திருப்பிக் கொடுக்க வந்தார், வாங்கவில்லை. எஞ்சின் இன்னும் வண்டிக்குள் ஏறவில்லை. வண்டியை வாங்கியவர் ஷெட்டில் ஸ்டாண்டில் நிற்கிறது, துணி போர்த்தி. அண்ணனைப் போலவே அவரும் "ஒரு நாள்" என்கிறார்.

மார்ச் 2

வந்த கடிதங்களுக்கு நன்றி, திட்டியவற்றுக்கும் சேர்த்து. "கணக்கைத்தான் சரிசெய்துவிட்டீர்களே, இதை ஏன் இப்போது எழுத வேண்டும்" என்று ஒருவர். மாடல் ஏ கேள்வி கேட்டவருக்கு நான் நாலு பத்தி உபதேசம் செய்திருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டதும் பொய் சொல்லாமல் ஏமாற்றுவதைப் பற்றித்தான்.

பையனுக்கும் சொல்லிவிட்டேன். அவனுக்கு ஞாபகமே இல்லை. போல்ட் தூக்கிப் போட்டதற்கு அவன்தான் மன்னிப்புக் கேட்டான்.

மார்ச் 10

கிளப் கூட்டத்தில் ஒரு ஏற்பாடு பேசினோம். யாராவது இறந்தால் குடும்பம் கேட்டுக்கொண்டால் மட்டும் இரண்டு பேர் போவது, ஒருவராகப் போவதில்லை. போகிற இரண்டு பேரும் அந்த ஷெட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு எதுவும் வாங்குவதில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். யார் அந்த இரண்டு பேர் என்று கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. ஒரு வருடம் நீண்ட காலமாம்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. அந்த அம்மாவிடம் உண்மையான விலையைச் சொல்லிவிட்டாராம். தனக்கு ஆசை இருப்பதையும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா யோசித்துவிட்டு, விற்கவில்லை என்று சொல்லிவிட்டார். மகளுக்கு வண்டி வேண்டுமாம். பாவம் நம் ஆள், யோகமும் போயிற்று, வண்டியும் போயிற்று, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெண்ணுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார். கியரைச் சத்தமில்லாமல் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது, கிளட்சை இரண்டு தடவை மிதித்து மாற்ற வேண்டும். கரகர சத்தம் தெருக்கோடிவரை கேட்கிறதாம்.

சீட்டுக்கு அடியில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு தாள் கிடைத்ததாம், வண்டியைக் கிளப்பும் முறை. பெட்ரோல் வால்வைத் திற. கியர் நியூட்ரல். ஸ்டியரிங்குக்கு இடப்பக்க நெம்புகோல் முழுக்க மேலே, வலப்பக்கத்தது இரண்டு பல் கீழே. சாவி. சோக்கை இழுத்தபடி ஸ்டார்ட்டரைக் காலால் மிதி. அதற்குப் பிறகு இருந்த கடைசி வரி எண்ணெய்க் கறையில் போய்விட்டது, என்னவாக இருக்கும் என்று மகள் கேட்கிறாளாம்.

எஞ்சின் பிடித்ததும், தீப்பொறி நேரத்தை மாற்றும் அந்த இடது நெம்புகோலைக் கீழே இழுக்கச் சொல்லுங்கள், பாதிக்கு மேல். அதுவாகத்தான் இருக்கும்.